காது கிழிந்த பன்றி

பன்றி என்றதும் முகத்தைச் சுளிக்கிறவர்கள் உங்களில் இருப்பீர்கள். சுளியுங்கள், எனக்கு அதில் மனவருத்தம் இல்லை. ஆனால் என் வயதுக்காரரிலும் பன்றியின் காதுக்குப் பின்னால் தொட்டுப் பார்த்தவர்கள் ஒருவரோ இருவரோதான் இருக்கக்கூடும். உடம்பெல்லாம் தும்புத்தடி போலச் சொரசொரக்கும் அந்தச் சீவனுக்கு அந்த ஓரிடத்தில் மட்டும் தோல் குழந்தையின் முழங்கை மடிப்பைப் போல மெல்லியதாய், சூடாய் இருக்கும். பத்து வயதில் எனக்கு அது தெரிந்துவிட்டது. அதே வருசம் என் தகப்பன், அப்பு, செத்துப்போனார். இரண்டையும் தனித்தனியாகச் சொல்ல எனக்குத் தெரியாது.

இரண்டாம் உலக யுத்த காலம். அரிசி கூப்பனுக்கு வந்தது. கழுவக் கழுவ மண்ணெண்ணெய் மணக்கும். நாங்கள் கோப்பாய்க்குக் கிழக்கே, வயல் முடிந்து உப்புத்தரவை என்கிற வெறுவெளி தொடங்கும் இடத்தில் இருந்தோம். அப்பு பனை ஏறுகிறவர். பனைகளும் நாங்கள் குடிசை போட்டிருந்த நிலமும் பக்கத்துக் கிணறும் ஒரே வீட்டாருக்குச் சொந்தம். அந்த வீட்டுப் பெரியவரை நாங்கள் நயினார் என்போம். அவர் வளவுக்குள் போகையில் அப்பு தோளில் கிடக்கும் துண்டை இடுப்பில் கட்டிக்கொள்வார். கிணற்றுத் துலாவை நாங்கள் தொடக்கூடாது. குடத்தை வைத்துவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும். அந்த வீட்டில் யாராவது வந்து அள்ளி ஊற்றினால் தண்ணீர், இல்லாவிட்டால் காத்திருக்க வேண்டும். அது அநியாயம் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. வெயில் சுடுவதைப் போல அதுவும் ஒன்று என்றுதான் நினைத்திருந்தேன்.

ஆடி மாதக் கடைசியில் அந்தப் பன்றி வந்தது. கரையோரத்தில் இருந்த, மாதா கோயிலுக்குப் போகிற, அப்புவின் வேதக்காரச் சிநேகிதர் ஒருவர் திருகோணமலைத் துறைமுக வேலைக்குக் குடும்பத்தோடு போனபோது அதைச் சும்மா கொடுத்துவிட்டுப் போனார். சினைப்பட்டிருக்கிறது, பார்த்துக்கொள் என்று சொன்னாராம். நாலு காலையும் கட்டி, தடியில் தலைகீழாகத் தொங்கவிட்டு, அப்புவும் குஞ்சியப்புவும் தோளில் காவிக்கொண்டு வந்தார்கள். குஞ்சியப்பு என்பது அப்புவின் தம்பி. பக்கத்துக் குடிசையில் இருந்தார். கறுப்புப் பெட்டைப் பன்றி. இடது காது நாய் கடித்து இரண்டாய்க் கிழிந்திருந்தது. கயிறு இறுகிய இடங்களில் தோல் உரிந்து இரத்தம் கசிந்தது. வழியெல்லாம் கத்தியதில் அதற்குத் தொண்டை அடைத்துப்போய்க் காற்று மட்டுந்தான் வந்தது.

கட்டை அவிழ்த்ததும் அது அப்புவின் கெண்டைக்காலைக் கடித்தது. அப்பு பனைமட்டையை எடுத்து, மட்டை நாராய்க் கிழியும்வரை அடித்தார். அதன்பிறகு யார் தடியோடு போனாலும் அது தலையைத் தாழ்த்திக்கொண்டு பாய்ந்தது. தடியில்லாமல் போனாலும் பாய்ந்தது.

“பயம் காட்டாட்டில் எந்தச் சீவனும் அடங்காது,” என்றார் அப்பு. அவர் அறிந்த உலகத்தில் அது சரிதான்.

அம்மாவுக்கு அப்போது வயிற்றில் நாலு மாதம். தம்பிக்கு மூன்று வயது. ஆகவே பன்றிக்குத் தீன் வைக்கும் வேலை என் தலையில் விழுந்தது. முதல் சில நாள் கருக்குமட்டை வேலிக்கு வெளியே நின்றபடி சிரட்டையால் ஊற்றிவிட்டு ஓடிவந்தேன். ஒருநாள் மத்தியானம் காலில் முள் குத்தி, வேலியோரத்தில் குந்தி அதைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தால், மட்டை இடுக்கில் ஈரமான மூக்கு. என்னை மணந்துகொண்டிருந்தது. நான் எழும்பினேன். உடனே பின்வாங்கி உறுமியது. மறுபடி குந்தினேன். கொஞ்ச நேரத்தால் மறுபடி வந்தது.

அதற்கு நின்றுகொண்டிருக்கும் மனிதரில்தான் பயம் என்று எனக்கு விளங்கியது. யாரும் சொல்லித் தரவில்லை. சொல்லித் தர எங்களிடத்தில் யாருக்கும் நேரமும் இல்லை.

பனம்பழம் விழும் காலம் தொடங்கியிருந்தது. விடிய எழும்பிப் போய், நயினார் வீட்டார் பொறுக்கி மிஞ்சிய, மாடு மிதித்த பழங்களைக் கொண்டுவருவேன். வேலிக்குள் போய், வாசல் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நிலத்தில் உட்காருவேன். பழத்தைக் கையில் நீட்டுவதில்லை. பன்றிக்குக் கிட்டத்தில் உள்ளது சரியாகத் தெரியாது, மணத்தைப் பிடித்துத்தான் வாய் வைக்கும். விரலும் பழமும் ஒரே மணமாய் இருந்தால் விரலும் போய்விடும். அதனால் பழத்தை மண்ணில் வைத்துவிட்டுக் கையை மடியில் துடைத்துக்கொள்வேன். அது தின்னும்போது நாக்கை அசைக்காமல் தொண்டைக்குள்ளே “ம்… ம்…” என்று சொல்லிக்கொண்டிருப்பேன். முதல் நாள் மூன்று பாகத் தூரம், மூன்று ஆள் கைவிரித்த நீளம். பிறகு இரண்டு. பன்னிரண்டாம் நாளோ பதின்மூன்றாம் நாளோ என் பெருவிரலை மணந்து, உப்புக்காக நக்கியது. அந்த மூச்சின் சூடும், அதில் கலந்திருந்த பனங்களியின் இனிப்பு மணமும் இப்போதும் எனக்கு வரும். அன்றைக்குத்தான் கிழிந்த காதுக்குப் பின்னால் சொறிந்துவிட்டேன். கண்ணை மூடி, காலை மடக்கி, சாக்குமூட்டை சரிவதுபோலப் பக்கவாட்டில் சரிந்து படுத்தது.

அப்பு பனையிலிருந்து அதைப் பார்த்தாராம். சாயந்தரம் தானும் ஒரு பழத்தோடு உள்ளே போனார். நின்றபடியே போட்டார். அது வேலியோரமாய் ஒதுங்கி நின்று, அவர் வெளியே வந்த பிறகுதான் தின்றது. அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு நல்லாயில்லை என்று அம்மா பிறகு சொன்னாள்.

அதை நடத்துவதற்கும் பழகிக்கொண்டேன். கயிறு கட்டி இழுத்தால் பன்றி எதிர்ப்பக்கம்தான் இழுக்கும். பக்கத்தில் நின்று விலாவில் கையை வைத்து, மறுகையில் ஒரு பழைய வாசற்படலைத் துண்டைத் தடுப்பாய்ப் பிடித்தால், வழி இல்லாத பக்கத்தை விட்டுவிட்டு வழி உள்ள பக்கம் போகும். இன்னொன்றைத் தற்செயலாய்க் கண்டேன். ஒருநாள் தவிடு இருந்த பனையோலைப் பெட்டிக்குள், கடகத்துக்குள், அது தலையை முழுக்க விட்டுவிட்டது. கடகம் மாட்டிக்கொண்டது. கண் மறைந்ததும் முன்னால் பாயவில்லை. பின்னுக்குப் பின்னுக்கென்று போய் வேலியில் முட்டி நின்றது. தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். நான் அதை மனத்தில் வைத்துக்கொண்டேன்.

ஐப்பசி மழையில் வேலி இளகி, அது வெளியே போய்விட்டது. நயினாரின் மரவள்ளித் தோட்டத்தில் நான்கு பாத்தியைக் கிளறிப்போட்டிருந்தது. நான் ஓடிப்போகும்போது தோட்டத்தைச் சுற்றி ஆட்கள் கல்லும் தடியுமாய் நின்றார்கள். நான் சேற்றில் உட்கார்ந்து “ம்…” என்றேன். அது வந்தது. விலாவில் கையை வைத்து, அவ்வளவு ஆட்களுக்கும் நடுவால் கூட்டிவந்தேன். எனக்குள்ளே பெருமையாய் இருந்தது என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

நயினார் அப்புவைக் கூப்பிட்டு, இன்னொருமுறை அது தோட்டத்தில் கால் வைத்தால் துவக்கு எடுத்துச் சுடுவேன் என்று சொல்லியனுப்பினார். அப்புவும் குஞ்சியப்புவும் மூன்று நாள் மினக்கெட்டுக் கல்லும் மண்ணும் குழைத்து, நெஞ்சுயரத்தில் நாலு சுவரும் எழுப்பி, சுவருக்கு மேலே இடைவெளி விட்டுக் கிடுகுக் கூரை போட்டுப் புதுக் கூடு கட்டினார்கள். ஒரே ஒரு வாசல். ஒரு ஆள் குனிந்து போகும் அளவு. பன்றி வெளியே வரக்கூடாது என்பதுதான் அவர்களுடைய முழுக் கவலையும். உள்ளே போகிற ஆள் எப்படி வெளியே வருவது என்று நான் கேட்டேன். உனக்கேன் உந்தக் கதை, போய்த் தண்ணி அள்ளு என்றார் குஞ்சியப்பு.

கார்த்திகையில், மூன்று நாள் விடாமழைக்குள்ளே, ஒன்பது குட்டி போட்டது. ஒன்று செத்துப் பிறந்தது. மற்ற எட்டும் எலிக்குஞ்சுபோல வரிசையாய் முலையில் தொங்கின. தாய் வேறு ஆளாய்விட்டிருந்தது. நான் வாசலில் உட்கார்ந்து “ம்…” என்றதும் எழும்பி நின்று, அதுவரை நான் கேட்டிராத ஒரு சத்தத்தில், நாய் குரைப்பதுபோல, ஒரேயொரு முறை குரைத்தது. வராதே என்று அர்த்தம். நான் போகவில்லை. தீனை வாசலில் தள்ளிவிட்டு வெளியே இருந்தேன். மூன்று நாள் அப்படி. நான்காம் நாள் என் கையை மணக்கவிட்டது. ஐந்தாம் நாள் காதைச் சொறியவிட்டது. ஆனால் ஒரு குட்டி கத்தினாலும் உடம்பு முழுக்க விறைக்கும். அதை என் உள்ளங்கையில் உணர்ந்தேன்.

இந்த இடத்தில் அப்புவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருக்கு முழங்கால் போய்க்கொண்டிருந்தது. காலை ஏற்றத்துக்கு முன் அம்மா வேப்பெண்ணெய் சூடாக்கித் தடவுவாள். பனையின் பாதியில் நின்று மூச்சு வாங்குவதை நானே கண்டிருக்கிறேன். அப்போது பலாலிப் பக்கம் பட்டாளத்துக்காக விமானம் இறங்கும் தரை போட்டுக்கொண்டிருந்தார்கள். அங்கே ஆள் சேர்க்கும் கங்காணி ஒருவர், இரண்டு குட்டி தந்தால் அப்புவின் பெயரைப் பதிவேன் என்று சொல்லியிருந்தார். மண் சுமக்கிற வேலை. நிலத்தில் நின்று செய்கிற வேலை. அப்பு அதைச் சொல்லும்போது அவர் முகம் சின்னப் பிள்ளையின் முகம்போல இருந்தது.

கங்காணி வெள்ளிக்கிழமை மத்தியானம் வருவதாகப் பேச்சு. நான் பார்த்து, தாய்க்குத் தீன் போட்டு, ஒரு பக்கமாய் மறித்துக் குட்டியை எடுத்துத் தருவதென்று அம்மா ஏற்பாடு செய்திருந்தாள்.

கங்காணி காலையிலேயே வந்துவிட்டார்.

நான் கிணற்றடியில் நின்றேன். அன்றைக்கு அந்த வீட்டில் ஏதோ விரதம். யாரும் வெளியே வரவில்லை. குடத்தை வைத்துவிட்டு நெடுநேரம் நின்றேன். எறும்புகள் குடத்தின் கழுத்தைச் சுற்றி வரிசையாய்ப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கூப்பிட்டால் ஏச்சு விழும் என்பதால் கூப்பிடவும் இல்லை. வெயில் ஏறியபிறகுதான் அந்த வீட்டில் ஒருவர் வந்து ஊற்றினார்.

அங்கே நடந்ததை அம்மா எனக்குப் பிற்பாடு சொன்னாள். கங்காணி படலையடியில் சைக்கிளைப் பிடித்தபடி நின்று, நேரமில்லை, குட்டியைக் கொண்டுவா என்றிருக்கிறார். அம்மா முன்னால் வந்து, பிள்ளை தண்ணிக்குப் போயிட்டாள், இப்ப வந்திடுவாள் என்றாள். கங்காணி சிரித்தார்.

“உன்ரை பண்டியைப் பிடிக்க உன்ரை பெட்டை வரவேணுமோ?” என்று கேட்டார்.

அப்பு பனைமட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு கூட்டுக்குள் குனிந்தார்.

நான் நிரம்பிய குடத்தோடு திரும்பும்போது முதலில் கேட்டது மனிதச் சத்தமில்லை. குட்டி ஒன்றின் இடைவிடாத கீச்சுச் சத்தம். கூட்டைச் சுற்றி ஐந்தாறு பேர். குஞ்சியப்பு கோடரியோடு சுவருக்கு மேலால் எட்டிக்கொண்டு நின்றார். கங்காணியும் சைக்கிளும் அங்கே இல்லை. அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு மண்ணில் இருந்தாள். குடத்தை இறக்கி வைத்தேன். ஒரு சொட்டுத் தண்ணீரும் சிந்தவில்லை. அது ஏன் நினைவில் நிற்கிறதென்று தெரியவில்லை.

சுவரில் ஏறிப் பார்த்தேன். மூலையில் அப்பு. தொடை கிழிந்து, வேட்டி முழுக்கச் சிவப்பு. தாய்ப்பன்றி அவருக்கும் வாசலுக்கும் நடுவில், வாயில் நுரையோடு நின்றது. குட்டி அவருடைய கைக்குள் இருந்தது. இன்னும் விடவில்லை. பயத்தில் அதை நெஞ்சோடு இறுக்கியிருந்தார். அது கத்தக் கத்தத் தாய் திரும்பத் திரும்பப் பாய்ந்தது.

குஞ்சியப்பு கோடரியை ஓங்கினார். வெட்டுப் பிசகினால் பன்றி மறுபடி அப்புவின் மேல்தான் பாயும் என்று எனக்குத் தெரிந்தது.

“வேண்டாம் குஞ்சியப்பு. கடகத்தை எடுத்துத் தாங்கோ,” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு எடுத்துத் தந்தார். அந்த ஒரு தரந்தான் அவர் என் சொல்லைக் கேட்டார்.

வாசலால் தவழ்ந்து போய் உட்கார்ந்தேன். “ம்…” என்றேன். அது என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் பாயவும் இல்லை.

“அப்பு, குட்டியை விடுங்கோ.”

அவருக்குக் கேட்கவில்லை. கண் எங்கேயோ நின்றது.

“அப்பு. கையை விரியுங்கோ. அதுக்கு அவ்வளவுதான் வேணும்.”

மூன்றாவது தரம் சொன்னபோது விரித்தார். குட்டி விழுந்து ஓடி மற்றக் குட்டிகளுக்குள் நுழைந்தது. கீச்சுச் சத்தம் நின்றது. அந்தக் கணத்தில் தாய் தலையைத் தூக்கியது. நான் பக்கவாட்டால் போய்க் கடகத்தை முகத்தில் கவிழ்த்தேன். பின்னுக்குப் போனது. இன்னும் பின்னுக்கு. மறுமூலைச் சுவரில் அதன் பின்புறம் முட்டும்வரை கடகத்தை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு நின்றேன். அதற்குள் குஞ்சியப்பு வாசலால் அப்புவின் காலைப் பிடித்து வெளியே இழுத்துவிட்டார். நான் எப்படி வெளியே வந்தேன் என்பது நினைவில் இல்லை.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக நயினார் வீட்டுக்கு வண்டி கேட்டு ஆள் போனது. விரதநாள், நாளைக்குப் பார்ப்பம் என்று பதில் வந்தது. அதற்குள் பெரியவர்கள் கூடி வைத்தியம் பார்த்தார்கள். இரத்தம் நிற்பதற்காகக் காயத்துக்குள் அடுப்புச் சாம்பலும் சிலந்தி வலையும் வைத்து, பழஞ்சீலையால் இறுக்கிக் கட்டினார்கள். இரத்தம் நின்றது. நின்றதே போதும், ஆஸ்பத்திரி எதற்கு என்றார் குஞ்சியப்பு. மறுநாள் வண்டி வந்தபோது திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர்கள் அன்போடுதான் செய்தார்கள். அந்தக் கட்டுக்குள் எதை வைத்து மூடினார்கள் என்று எனக்கு விளங்கியது நான் பெரியவளாகி, பிள்ளை பெறப்போன இடத்தில் ஒரு மருத்துவத்தாதி ஏற்புவலி ஊசி போட்டுக்கொண்டே விளக்கியபோதுதான்.

ஐந்தாறு நாள் அப்பு நன்றாய் இருந்தார். எழும்பி உட்கார்ந்தார். கங்காணியிடம் ஆள் அனுப்பி, குட்டி வளர்ந்ததும் தருவதாகச் சொல்லச் சொன்னார். எட்டாம் நாள் கஞ்சி குடிக்க வாய் திறக்க முடியவில்லை என்றார். பல்லைக் கடித்துக்கொண்டே சொன்னார். அம்மா அதைக் கோபம் என்று நினைத்தாள். அன்றிரவு ஏற்புவலி கண்டது, உடம்பெல்லாம் இழுப்பு. முதுகு வில்லாய் வளைந்து, குதியும் பிடரியும் மட்டும் பாயில் பட்டன. படலை சாத்தும் சத்தத்துக்கும் உடம்பு வெட்டியது. அதனால் தம்பியைத் தூக்கிக்கொண்டு நான் தரவைக்குப் போய்விடுவேன். அவன் அழுதால் அப்புவுக்கு வெட்டும். பத்தாம் நாள் வண்டியில் ஏற்றினார்கள். நல்லூர் தாண்டவில்லை, திரும்பி வந்தார்கள்.

செத்தவீட்டில் பெண்கள் சுற்றியிருந்து அழுதுகொண்டிருக்கையில் அம்மா என்னைப் பார்த்து, எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள்:

“நீ நிண்டிருந்தா இது நடந்திராது.”

பெண்கள் எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அந்தப் பார்வையை நான் நெடுங்காலம் சுமந்தேன். உன்னால்தான் என்று அம்மா சொன்னதாகத்தான் நினைத்தேன். இப்போது, அம்மாவைவிடக் கூட வயது வாழ்ந்துவிட்டபின், அவள் அதைக் குற்றமாய்ச் சொல்லவில்லை என்று தோன்றுகிறது. எங்கள் வீட்டில் அந்த வேலை தெரிந்த ஆள் நான் ஒருத்திதான் என்பதை, சொல்லவேண்டியவர் செத்தபிறகு, அவள் சொன்னாள். ஆனால் பத்து வயதில் அது அப்படி விளங்கவில்லை.

எட்டாம் நாள் சடங்கு முடிந்தபிறகு குஞ்சியப்பு கோடரியோடு வந்தார். அம்மா கூட்டு வாசலில் போய் நின்றாள்.

“அது தன்ரை பிள்ளையைக் காப்பாத்தினது. இப்ப அதை வெட்டினா என்ரை பிள்ளையளுக்கு ஆர் சோறு போடுறது? நீயோ?”

அவர் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார். அவருக்கும் நாலு பிள்ளைகள்.

அப்படியாக, அப்புவைக் கொன்ற பன்றியை வைத்துத்தான் நாங்கள் சீவித்தோம். நான்தான் தீன் வைத்தேன். அதற்கு ஒன்றும் தெரியாது. நான் வந்ததும் முன்போலவே வந்து மணக்கும், காதைத் தரும். ஒருநாள் மத்தியானம் அது என் மடியில் தாடையை வைத்தது. சூடாய் இருந்தது. நான் எழும்பினேன். மூலையில் அப்பு கொண்டுபோன அந்த மட்டை இன்னும் கிடந்தது. எடுத்து அடித்தேன். முகத்தில், கிழிந்த காதில், முதுகில், கை ஓயும்வரை அடித்தேன். பாயும் என்று நினைத்தேன். பாய வேண்டும் என்றும் நினைத்தேன். அது பாயவில்லை. குட்டிகளைப் பின்னால் தள்ளிக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றது.

அதன்பிறகு அது என்னிடம் வரவில்லை. நான் உட்கார்ந்து பார்த்தேன். பழக்காலம் முடிந்துவிட்டதால் பனங்கிழங்கு அவித்துக் கொண்டுபோய்ப் பார்த்தேன். ஒரு மாதம் பார்த்தேன். நான் போனபிறகுதான் தின்றது.

ஆகவே தீன் வைப்பதை அம்மா எடுத்துக்கொண்டாள். அதற்குள் தங்கச்சி பிறந்திருந்தாள். நான் ஏன் அடித்தேன் என்று அம்மா கேட்கவில்லை. ஒருநாள் சாயந்தரம் நான் தண்ணீர்க் குடத்தோடு வந்தபோது கூட்டுவாசலில் அம்மா உட்கார்ந்திருந்தாள். வெள்ளைச் சேலை மண்ணில் கிடந்தது. கைப்பிள்ளை மடியில் பால் குடித்துக்கொண்டிருந்தது. உள்ளே தாய்ப்பன்றியும் படுத்துப் பால் கொடுத்துக்கொண்டிருந்தது. அம்மா தாழ்ந்த குரலில் அதனோடு கதைத்துக்கொண்டிருந்தாள்.

“அவர் கெட்ட மனுசனில்லை,” என்றாள். “உனக்கு அது தெரிய நியாயமில்லை. முழங்கால் நோவு. அவருக்கு நிலத்திலை நிண்டு வேலை செய்ய ஆசை. அவ்வளவுதான்.”

குடத்தை இறக்கவும் மறந்து நான் வேலிக்குப் பின்னால் நின்றேன். செத்தவீட்டில் அழாத அழுகை அப்போதுதான் வந்தது.